பின்சீட்டில் உட்கார்ந்து பிடித்த பழுது

போன வாரம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் வேலை பார்த்த கார் பட்டறையிலிருந்து ஒரு பெண். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தவள், கெட்டிக்காரி. விபத்தில் முன்பக்கம் நசுங்கி, எல்லாம் சரிசெய்து அனுப்பிய ஹைபிரிட் கார் ஒன்று மைலேஜ் தரவில்லையாம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால் ஒரு குறையும் காட்டவில்லையாம்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே. ஆனா பெட்ரோலு மட்டும் போய்ட்டே இருக்கு. எங்கருந்து தொடங்கட்டும்?" என்றாள்.

"பின்சீட்டுலருந்து தொடங்கு தாயி," என்று சொல்லிவிட்டு, வாயில் நுரையோடு சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு நின்றபாடில்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வேலைக்குப் போகாம இந்த மனுசனுக்கு மண்ட கழண்டுபோச்சு," என்று அடுப்பில் இருந்த சாம்பாரிடம் முறையிட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெண்ணுக்குப் போனில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். முழுக் கதையையும் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதும் சிரிப்பு வருகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நான் பிறந்தது ஏலப்பாறையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில். என் அப்பா எஸ்டேட் லாரி டிரைவர். கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாக்டரிக்குப் போவதும் வருவதும்தான் அவர் ஆயுள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் டிரைவர்கள் கூடி நின்றால், பிரசங்கத்தைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். யார் எவ்வளவு டீசல் மிச்சம் பிடித்தார்கள் என்பதே பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த எனக்கு எஞ்சினைத் தவிர வேறு உலகம் தெரியவில்லை. ஐ.டி.ஐ. படித்தேன், மலை இறங்கிப் பாலக்காட்டுக்கு வந்தேன், டீசல் கறையில் என் இளமை கரைந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது சுப்பராமன் சாரைப் பற்றி. அவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர், கல்பாத்திக்காரர். பட்டறைக்குள் நெற்றியில் விபூதியும் சட்டைப் பையில் டார்ச்சுமாக வருவார். வாடிக்கையாளர் வண்டியில் ஏறுமுன் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து டிரைவர் சீட்டில் விரித்து, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அடுத்தவர் வீட்டுக்குள் போகிற மாதிரி, என்பார். செருப்பு இங்கே கிடக்க, வண்டியோடு அவர் எங்கோ போய்விடுவார். திரும்பி வரும்வரை அந்தச் செருப்பைக் காவல் காப்பது எங்களில் யாராவது ஒருவர்.

சாதாரண பழுது வந்தால் அவருக்கு முகம் வாடிவிடும். தலையைப் பிய்த்துக்கொள்கிற பழுது வந்தால் கல்யாண வீட்டுக்காரர் ஆகிவிடுவார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, "பேஷ், பேஷ். அசல் சரக்கு ஒண்ணு வந்துருக்கு," என்று வண்டியை ஒரு பிரதட்சிணம் வருவார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும், அடுத்ததை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். இது அவர் சட்டம். மைலேஜ் பார்ப்பதற்கு வண்டியின் திரையை நம்ப மாட்டார். ஒரே பங்க், ஒரே குழாய், டேங்க் நிறைந்து குழாய் தானாக நிற்கும்வரை பெட்ரோல். பிறகு ஓட்டம். திரும்பி வந்து அதே குழாயில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்ப்பார். பங்க்காரர்கள் அவரைக் கண்டாலே அந்தக் குழாயைக் காலி செய்து வைப்பார்கள்.

எங்கள் பட்டறைக்கு முதல் ஹைபிரிட் வந்த நாளில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஹைபிரிட் என்றால் ஒரே வண்டிக்குள் பெட்ரோல் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் கூட்டுக் குடித்தனம் நடத்துவது. எப்போது எது வேலை செய்ய வேண்டும் என்பதை வண்டியே முடிவு செய்துகொள்ளும். பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன், எல்லாம் மனப்பாடம். பொத்தானை அழுத்தினேன், சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினேன், அப்போதும் இல்லை. விடாமல் அழுத்திவிட்டு வெளியே வந்து, "ஸ்டார்ட் ஆகல சார், பேட்டரி அவுட்டு," என்று பட்டறைக்கே கேட்கும்படி அறிவித்தேன்.

சுப்பராமன் சார் துண்டை விரித்தார், செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார், ஒருமுறை அழுத்தினார். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து வெளியே போயிற்று. போகும்போது கண்ணாடி வழியே என்னையே பார்த்துக்கொண்டு போனார். அந்த வண்டி நான் முதல்முறை அழுத்தியபோதே தயாராகிவிட்டது. அதற்குச் சத்தம் போட்டுச் சொல்லும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். பட்டறையே சிரித்தது, எல்லோரையும்விட அதிகமாக நான்தான் சிரித்தேன். "சத்தம் கேட்டாத்தான் நம்புவியோ, ஞானம்?" என்று அவர் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி பழனிசாமியின் வண்டி.

பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் அவர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒருநாள் பட்டறைக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இந்த வண்டி இடிச்சதுக்கப்பறம் பெட்ரோல்ல வாய் கொப்புளிக்குதுங்க. முன்னால லிட்டருக்கு இருவத்திரண்டு குடுத்துச்சு. இப்பப் பதினாலுக்கு மேல வரமாட்டீங்குது."

"உக்காருங்க அண்ணாச்சி, பாத்துருவோம்," என்றேன்.

அவர் உட்காராமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சிங்கறீங்க. நான் மளிகைக் கட எதும் வெக்கலீங்க," என்றார். அந்த நொடியே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வண்டியை இடித்தது அவருடைய மகள் கோகிலா. அட்டப்பாடி மலையில் இருக்கும் அகளியில் மிருக டாக்டர். வாரம் முழுக்க அங்கே தங்கி ஆடு மாடுகளைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அப்படி வந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் விபத்து. வண்டியை முதலில் எங்களிடம் இழுத்து வந்தபோது அவளே சொன்னாள்.

"ஆடு குறுக்க வந்துருச்சுங்ண்ணா. ஆட்டு டாக்டரே ஆட்ட இடிச்சா அகளிக்குள்ள தல காட்ட முடியுங்களா? பாலத்துக் கட்டச் சொவத்துல உட்டுட்டேன்."

"ஆட்டுக்கு?"

"அது நின்னு வேடிக்க பாத்துட்டு இருந்துச்சுங்க. அசை போட்டுட்டு."

அவளுக்குக் கீறல்கூட இல்லை. வண்டிக்குத்தான் முன்பக்கம் இடதுபுறம் நொறுங்கியிருந்தது. பம்பர், ரேடியேட்டர், இடது சக்கரத்தைத் தாங்கும் கை, எல்லாம் புதிதாகப் போட்டோம். எங்கள் பட்டறையிலேயே செய்த வேலை. ஆகவே பழனிசாமி மைலேஜ் இல்லை என்று வந்து நின்றபோது பட்டறையில் எல்லோர் முகமும் ஒரு மாதிரி ஆயிற்று, சுப்பராமன் சார் முகம் மட்டும் மலர்ந்தது. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே பிரதட்சிணம் வந்தார்.

ஒன்றொன்றாகத் தொடங்கினோம். டயர்களில் காற்று சரியாக இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் மடல்கள் இருக்கும். காற்று வேண்டும்போது திறக்கும், வேண்டாதபோது மூடும். மோதலில் அது சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேற நேரமெடுத்து பெட்ரோல் கூடுதலாகப் போகும். திறந்து மூடிப் பார்த்தோம், சமர்த்தாக வேலை செய்தது. பானெட் சரியாகப் பூட்டவில்லை என்று வண்டி நினைத்துக்கொண்டிருந்தால் எஞ்சினை அணைக்காமல் ஓடவிடும். அதுவும் இல்லை.

பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினேன். அங்கே ஒரு சங்கதி இருந்தது. முன் பிரேக் கட்டைகள் தேய்ந்து கிடந்தன, தட்டு சூடேறி நீலம் பாய்ந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஏனென்றால் ஹைபிரிட்டில் பிரேக் கட்டை அத்தனை சீக்கிரம் தேயாது. காலை எடுத்தாலோ, பிரேக்கை லேசாக மிதித்தாலோ, மோட்டாரே சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அந்த விசையைக் கரண்டாக்கிப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். கட்டைக்குப் பெரும்பாலும் விடுமுறைதான். இது தேய்ந்திருக்கிறது என்றால் மோதலில் ஏதோ வளைந்து, பிரேக் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அக்கக்காகக் கழற்றினேன். எதுவும் வளையவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் ராட்டினமாகச் சுற்றியது. புதுக் கட்டை போட்டு மாட்டினேன்.

கடைசியில் சக்கரங்களின் அலைன்மென்ட் பார்த்தபோது இடதுபக்கம் ஒரு மயிரிழை உள்ளே திரும்பியிருந்தது. சக்கரத்தைத் தாங்கும் புதுக் கை பொருத்தியபின் சற்றே இளகியிருக்க வேண்டும். அதைச் சரிசெய்தோம். டேங்கை நிரப்பி வாளையார்வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து நிரப்பினேன். இருபத்து மூன்று. பட்டறை முழுக்க நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். சுப்பராமன் சார் மட்டும் பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு, "மயிரிழைக்கு இவ்வளவு பசியா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பழனிசாமி மறுபடி வந்தார். மகளும் கூட இருந்தாள்.

"பதினஞ்சுங்க மேஸ்திரி," என்றார். "ஒண்ணு ஏறியிருக்குது. அந்த ஒண்ணுக்கு ரொம்ப நன்றிங்க."

கம்ப்யூட்டரை மாட்டினேன். பழுது ஏதும் காட்டவில்லை. ஆனால் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியில் சார்ஜ் அடிமட்டத்தில் கிடந்தது. போனமுறையும் அப்படித்தான் இருந்தது. மோதலில் பேட்டரிக்கு உள்காயம் ஏதாவது பட்டிருக்குமோ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பழனிசாமி தோள்துண்டை உதறிப் போட்டார்.

"அப்ப இது தேறாதுங்க. வித்துப்போடலாம். அம்மிணிக்கும் அந்த மல வேல வேண்டாம்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கறேன். இங்க பக்கத்துல சித்தூருலயே மாத்தலு கேக்கட்டும்."

அவர் கைகழுவப் போன சமயம் கோகிலா என் பக்கத்தில் வந்தாள்.

"ஞானண்ணா, வண்டி நல்லாருக்குதுன்னு சொல்லிப் போடுங்க. எப்படியாச்சும்."

"மைலேஜ் தரலியே டாக்டரம்மா. நான் சொன்னா மட்டும் அப்பா நம்புவாரா?"

"எனக்கு அகளியே போதுங்ண்ணா. அங்க ஊசி போட்டு உட்ட ஆடுக எல்லாம் குட்டி போடப்போவுது. வண்டி இல்லாம அடுத்த ஊருக்கு நான் எப்படிப் போறது? இடிச்சதுக்கு அப்பறம் சாவியவே எங்கையில குடுக்கறதில்லீங்க. திங்கக்கெழம அப்பாவே கொண்டாந்து உட்டுட்டு, வெள்ளிக்கெழம வந்து கூட்டிட்டுப் போறாரு. நான் இடிச்சதுலதான் வண்டி கெட்டுப்போச்சுன்னு ஆயிருச்சுன்னா, முடிஞ்சுதுங்க."

அவள் கண் கலங்கவில்லை. ஆனால் குரல் கலங்கியிருந்தது. ஒரு பேட்டரியின் மேல் ஒரு பெண்ணின் வேலை உட்கார்ந்திருக்கிறது என்று அதுவரை நான் நினைத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சுப்பராமன் சார் தாமே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். செருப்பைக் காத்துக்கொண்டு நான் நின்றேன். திரும்பி வந்து பங்க் கணக்கும் பார்த்த பிறகு, துண்டை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீ ஓட்டினப்போ எவ்வளவுடா வந்தது?"

"இருபத்து மூணு சார்."

"நான் ஓட்டினேன், இருபத்திரண்டரை. அவர் ஓட்டினா பதினஞ்சு. வண்டி ஒண்ணு, பெட்ரோல் ஒண்ணு. மிச்சம் மாறினது என்ன, சொல்லு பாப்போம்."

"சார், அவரு நாப்பது வருசமா வண்டி ஓட்டுறவரு."

"அதுதான் எனக்கு பயமாயிருக்கு. நாப்பது வருஷமா ஓட்றவர் ஓட்றதை யாராவது பக்கத்துல உக்காந்து பாத்திருப்பாளோ? பேட்டரி எங்கயும் ஓடிப் போயிடாது. வெள்ளிக்கிழமை நீ அவரோட போ. பின்சீட்டுல உக்காரு. கை மடியில இருக்கட்டும், வாய் மூடி இருக்கட்டும்."

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும் என்று பழனிசாமியிடம் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை பெருமாட்டியிலிருந்து கிளம்பினோம். நான் ஒற்றன் மாதிரி பின்சீட்டில் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர்ந்த காற்று, சத்தமே இல்லாத வண்டி, காலையில் மனைவி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்த ஆப்பமும் கடலைக்கறியும். பாலக்காடு தாண்டுவதற்குள் ஒற்றன் தூங்கிவிட்டான். விழித்தபோது அகளியில் மிருக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோம், கோகிலா கதவைத் திறந்து, "சத்தம் ஏதாச்சும் வந்துதுங்களாண்ணா?" என்று கேட்கிறாள்.

"வந்துச்சு அம்மிணி," என்றார் பழனிசாமி. "மண்ணார்க்காட்டுல இருந்து அவரு கொறட்டதான்."

திரும்பும்போது தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். முக்காலி என்ற ஊரைத் தாண்டி அட்டப்பாடி மலைப்பாதையில் இறக்கம் தொடங்கியது. மழை விட்டு மலை கழுவிய மாதிரி இருந்தது. முன்சீட்டில் கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா வளைவில் லாரியை முந்துவதைப் பார்க்கிற தைரியம் தனக்கு இல்லை என்று பிறகு சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு சத்தம் கேட்கவில்லை.

இப்படி எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நடந்தது. ஹைபிரிட் வண்டி இறக்கத்தில் போகும்போது மோட்டார் கரண்டு பிடிக்கிற மெல்லிய ரீங்காரம் ஒன்று இருக்கும், பழகிய காதுக்கு மட்டும் கேட்கும். அது இல்லை. காற்றும் டயரும்தான். எட்டிப் பார்த்தேன். பழனிசாமியின் இடது கை கியர் குச்சியின் மேல் சாய்ந்திருந்தது. நியூட்ரல். வளைவு வந்ததும் பிரேக்கை மிதித்தார், கட்டை காய்கிற வாசம் லேசாக உள்ளே வந்தது. வளைவு திரும்பியதும் ஒரு சின்ன நேர்ச்சாலை, கியரில் போட்டார். மறுபடி இறக்கம். மணிக்கட்டு ஒரு சொடுக்கு, மறுபடி நியூட்ரல். தாளம் போடுகிறவர் மாதிரி என்ன நறுவிசு, என்ன ஒயில்.

அது என் அப்பாவின் மணிக்கட்டு. ஏலப்பாறையிலிருந்து குட்டிக்கானம் வழியாக மலை இறங்கும்போதெல்லாம் நான் பார்த்து வளர்ந்த அதே சொடுக்கு. "இறக்கத்துல எஞ்சினுக்கு என்னலே வேல?" என்று கேட்டுக்கொண்டே லாரியை நியூட்ரலில் உருட்டி விடுவார், கோயில் வாசலில் போய் அந்த டீசலைப் பேசித் தீர்ப்பார். மலைநாட்டில் டிரைவர் வீட்டில் பிறந்த நான், இந்த வண்டியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டேன், அந்த ஒரு கையை மட்டும் பார்க்கவில்லை. நினைக்க நினைக்கச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டேன், மூக்கு வழியாக வந்தது. பின்சீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பழனிசாமி ஓரமாக நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க ஆச்சு?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பழுது கெடச்சிட்டு."

மகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மெதுவாகத்தான் சொன்னேன். இந்த வண்டி இறக்கத்தில் சும்மா உருளுவதில்லை, உருளுகிற விசையையே கரண்டாக்கிச் சேர்த்து வைக்கிறது, கியரில் கிடந்தால்தான் அது நடக்கும், நியூட்ரலில் தட்டினால் அந்த வாசலே மூடிவிடும். பேட்டரி காய்ந்து போவதால், மேடு வரும்போதெல்லாம் பெட்ரோலை எரித்துத்தான் வண்டி போகிறது. பிரேக் கட்டை தேய்ந்ததும் அதனால்தான். இடிப்பதற்கு முன் இருபத்திரண்டு வந்தது மகள் ஓட்டியதால். சமவெளியிலும் இதே பழக்கம் இருக்குமே என்று கேட்டேன்.

"வேகத்தப் புடிச்சு நியூட்ரல்ல உட்டா, ஊட்டு வாசல் வரைக்கும் தானா வந்து நிக்குமுங்க," என்றார் அவர். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது. "நாப்பது வருசமா அப்படித்தானுங்க. ஜீப்பு, அம்பாசிடரு, எல்லாத்துலயும். டீசல் மிச்சம் பண்றது எப்படீன்னு ஊரே எங்கிட்டத்தான் வந்து கேக்கும்." சொல்லச் சொல்ல அந்தப் பெருமை இறங்கிக்கொண்டே போயிற்று. முகம் சுருங்கிவிட்டது.

எனக்குப் பாவமாக இருந்தது. "எங்கப்பாவும் இப்படித்தான் அண்ணாச்சி. அந்தக் காலத்து வண்டிக்கு அது சரி. இந்த வண்டிக்குத்தான் வேற புத்தி," என்றேன்.

அவர் மலைச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலா கேட்டாள், "நான் ஓட்டட்டுங்களாப்பா?"

பழனிசாமி இறங்கினார், முன்பக்கமாகச் சுற்றி வந்தார், மகள் பக்கத்துக் கதவைத் திறந்து, அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பெல்ட்டை இருமுறை இழுத்துப் பார்த்து மாட்டினார். இடித்த பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடுவது அதுதான் முதல் தடவை. சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, மறுபடியும் திருப்பினாள்.

"மாமூலா ஓட்டுங்க டாக்டரம்மா. ஒண்ணும் புதுசா செய்ய வேண்டாம்," என்றேன்.

வண்டி நகர்ந்தது. ரீங்காரம் வந்தது. அப்பாடா என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. திரையில் பேட்டரிப் படத்தில் ஒரே ஒரு கோடு இருந்தது. அடுத்த வளைவு முடியும்போது இரண்டு. பழனிசாமி குனிந்து பார்த்தார்.

அந்த வளைவைத் தாண்டியதும், சொல்லிவைத்த மாதிரி, ஆடுகள். நடுரோட்டில் ஒரு கூட்டமே. பழனிசாமியின் கை டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது, நான் அந்தோணியார் பேரைச் சொன்னேன். கோகிலா காலை எடுத்தாள், லேசாக மிதித்தாள், வண்டி பட்டுத்துணி மாதிரி வழுக்கி வந்து ஆடுகளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. முன்னால் நின்ற கிடா எங்களைப் பார்த்து அசை போட்டது. கோகிலா கண்ணாடியை இறக்கி, "ஓடு, ஓடு. உன்னாலதான் எல்லாம்," என்று அதை அதட்டினாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பழனிசாமி ஆட்டையே பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"மூணாயிருச்சு," என்றார் மெதுவாக. "ஏனுங்க மேஸ்திரி, ஆட்டுக்கு நின்னதுக்குமா சார்ஜு ஏறுது?"

"ஆமா அண்ணாச்சி. எதுக்கு நின்னாலும் ஏறும்."

அதன்பிறகு அடிவாரம்வரை அவர் வாயில் எண்ணிக்கை மட்டும்தான். நாலு, அஞ்சு, அம்மிணி மெதுவா, ஆறு. ஆனைமூளி வந்தபோது படம் முழுக்க நிறைந்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, பானெட்டை ஒரு மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டினார்.

"நெறஞ்ச மடியக் கறக்காமயே இத்தன நாளும் கட்டுத்தரைக்கு ஓட்டியாந்திருக்கறனுங்க," என்றார். "நாந்தான். இது இல்ல. எம்புள்ளயும் இல்ல."

கோகிலா ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள் என்றும் நினைத்தேன். இரண்டும்தான். எனக்கும் இரண்டும்தான். பழனிசாமி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்.

"அம்மிணி, இன்னொருக்கா ஏறி எறங்குலாமா?"

ஏறினோம். இறங்கினோம். நிறைவதைப் பார்த்தோம். சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னும் ஒருமுறை ஏறி இறங்கினோம். மூன்று பேர், எல்லோரும் வயது வந்தவர்கள், ராட்டினத்தில் ஏறிய பிள்ளைகள் மாதிரி கூத்தடித்தோம். நடுவில் சுப்பராமன் சாரிடமிருந்து போன் வந்தது.

"என்னடா, என்ன மைலேஜ்?"

"இன்னிக்கு மட்டும் அதக் கேக்காதீங்க சார்," என்றேன். காரணத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் உள்ளங்கை தேய்க்கும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டோமே என்று வெகுநேரம் கோபித்துக்கொண்டார்.

பெருமாட்டிவரை கோகிலாதான் ஓட்டினாள். வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பழனிசாமி அதைப் பார்த்தார், திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை காலை நான் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன்.

"மேஸ்திரி, அம்மிணி அகளிக்குப் பொறப்பட்டுப் போயிருச்சுங்க. தனியாத்தான். நான் போகுலீங்க."

"நல்லது அண்ணாச்சி."

அவர் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கேட்டார்.

"வெள்ளிக்கெழம எறங்கி வரும்போது நெறையுமுங்களா?"

"நெறையும் அண்ணாச்சி," என்றேன்.